நான் அளக்காத நிழல்

கிரெச்சுக்குப் பின்னால், ஈரச் சிமெண்டுத் தரையில் ஒரு மீட்டர் நீளக் கம்பு ஒன்று நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் குடையைப் பிடித்தபடி நான் நின்றுகொண்டிருந்தேன். கையில் தையல் டேப். கம்பின் தலையிலிருந்து நூலில் ஒரு குண்டு தொங்கியது. கம்பு கொஞ்சமும் சாயவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. எல்லாம் தயார். சூரியன் மட்டும் வரவில்லை.

மணி பன்னிரண்டு இருபது. கம்புக்கு நிழல் இல்லை. எனக்கும் இல்லை. பத்தடி தள்ளி நிற்கும் கொய்யா மரத்தைக்கூடக் காணவில்லை. மஞ்சு மூடியிருந்தது. மற்ற ஊர்க்காரர்கள் மூடுபனி என்று சொல்வதை நாங்கள் மஞ்சு என்போம்.

கைப்பேசி அடித்தது.

"ஏனுங்க அம்மிணி, நெழலு எத்தனைங்க?"

"அண்ணாச்சி, இங்க கம்பையே தேட வேண்டியிருக்கு. நிழலுக்கு எங்க போக?"

"அப்படீங்களா? இங்க வெயிலு மண்டையப் பொளக்குதுங்க."

பேசியவர் இருந்தது பாலக்காட்டுக்குக் கிழக்கே, கஞ்சிக்கோட்டில். நான் இருந்தது சூரியநெல்லியில். இந்த ஊருக்குப் பெயர் வைத்தவர் ஜனவரி மாதம் வந்துவிட்டு, ஆனி பிறப்பதற்குள் ஊரைவிட்டுப் போயிருக்க வேண்டும்.

சனி எங்கே நிற்கிறது?

சென்ற வாரம் இந்தத் தொடரில், பிள்ளை பெற்ற பிறகு பத்தாவது எழுதித் தேறிய கதையைச் சொன்னேன். அதற்குப் பல வருஷம் கழித்து நடந்தது இது. அப்போது நான் தேயிலைத் தோட்டத்து கிரெச்சில் இருபத்தோரு வருஷமாக ஆயா. கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் காலையில் விட்டுச் செல்லும் பிள்ளைகளை, சாயங்காலம் அவர்கள் வரும்வரை பார்த்துக்கொள்வது வேலை. அங்கே சூப்பர்வைசர் பதவி ஒன்று காலியானது. டிகிரி வேண்டும் என்று நோட்டீஸ் போட்டார்கள். இருபத்தோரு வருஷமாக அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது நான்தான். டிகிரி மட்டும்தான் இல்லை.

வெல்ஃபேர் ஆபீசர் நல்ல மனுஷர். "ஜெயராணி, இந்த வருஷக் கடைசிக்குள்ள சர்ட்டிபிகேட் கொண்டு வா. அதுவரைக்கும் நான் இழுத்துப் பிடிக்கிறேன்" என்றார்.

தபால் வழியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பருவத்தில், சரித்திரம் படிப்பவர்களும் ஏதாவது ஒரு அறிவியல் பாடம் எடுத்தே ஆக வேண்டும் என்று விதி. மூன்று பாடங்கள் இருந்தன. வேதியியலுக்கு லேப் உண்டு. அதற்கு மலையிறங்கிப் போக வேண்டும். கம்ப்யூட்டருக்கு கம்ப்யூட்டர் வேண்டும். மூன்றாவதாக மலையாளத்தில் "ஜ்யோதிசாஸ்த்ரம்: சௌரயூதம் ஓர் ஆமுகம்" என்று போட்டிருந்தது. அதாவது, வானியல்: சூரியக் குடும்பம் ஓர் அறிமுகம். சூரியக் குடும்பத்தைக் கொண்டுபோய் எந்த லேபில் வைக்க முடியும் என்று தைரியமாக அதில் டிக் அடித்தேன்.

விண்ணப்பத்தைப் பார்த்த என் வீட்டுக்காரர் அந்தோணி, "ஜோசியமா படிக்கப் போற?" என்று கேட்டார். ஃபேக்டரியில் இலை உலர்த்தும் எந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். "அது வேற, இது வேற" என்றேன். மறுநாளே எங்கள் லயன் வீடுகள் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நான் சொன்ன பாதி பரவவில்லை.

முதல் வாடிக்கையாளர் நான்காவது வீட்டுச் செல்லக்கனி. மகளின் ஜாதகத்தை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"அக்கா, சனி எட்டுல நிக்கின்னு சொல்லுதாவ. ஒங்க படிப்புல என்ன போட்டுருக்கு?"

"எங்க புஸ்தகத்துல ஆறாவதா நிக்கி, கனி. சூரியனுக்கு ஆறாவது."

"ஆறா? அப்ப கெடுதலா?"

"நூத்தி நாப்பது கோடி கிலோமீட்டர் தள்ளி நிக்கி."

செல்லக்கனி யோசித்தாள். "அம்புட்டுத் தூரத்துல இருந்தா ஒண்ணும் செய்யாது" என்று ஜாதகத்தை மடித்துக்கொண்டு போனாள். அந்த மாதமே கல்யாணம் நிச்சயமானது. அதன்பிறகு நான் எவ்வளவு மறுத்தும் யாரும் நம்பவில்லை.

செய்தி கோயிலுக்கும் போனது. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஜாதகம் பார்ப்பது நம் வழக்கமில்லையே என்றார். பையிலிருந்த பாடப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே வியாழன் கிரகத்துப் பாடத்தைப் படித்தார். அங்கே ஒரு புயல் நூற்றுக்கணக்கான வருஷமாக ஓயாமல் அடிக்கிறது என்ற இடத்தில் உட்கார்ந்துவிட்டார். புத்தகம் இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்பி வந்தது. அந்த இரண்டு வாரமும் நான் படிக்காததற்குத் திருச்சபைதான் பொறுப்பு.

சோடி சேர்ந்தது

லேப் கிடையாது என்று நம்பி எடுத்த பாடத்தில், கடைசியாக ஒரு புராஜெக்ட் வந்து நின்றது. வகுப்பு எடுத்த ரெம்யா டீச்சருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கைப்பேசித் திரையில் சனிக்கிழமைதோறும் வருவார். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொல்வார்.

"பூமியின் சுற்றளவு எத்தனை என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை நீங்கள் நம்ப வேண்டாம். அளந்து பாருங்கள்."

வழி இதுதான். ஒருவர் வடக்கே, ஒருவர் தெற்கே. இருவரும் ஒரு மீட்டர் கம்பை நட்டு, உச்சிவெயில் நேரத்தில் அதன் நிழலை அளக்க வேண்டும். பூமி தட்டையாக இருந்தால் இரண்டு நிழலும் ஒரே நீளம் இருக்கும். உருண்டையாக இருப்பதால் கொஞ்சம் வித்தியாசப்படும். அந்த வித்தியாசத்தையும், இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தென்வடல் தூரத்தையும் வைத்து மொத்த உருண்டையையும் கணக்குப் போட்டுவிடலாம். ஐந்து நாள் தருவார்கள். அதில் மூன்று நாள் அளவாவது வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். எங்கள் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, பன்னிரண்டு இருபத்து மூன்றுக்கு. பன்னிரண்டு மணிக்கு ஊதும் ஃபேக்டரிச் சங்கை நம்பி இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டது, சூரியக் கணக்கில் பார்த்தால், இருபத்து மூன்று நிமிஷம் முன்கூட்டியே.

எனக்குச் சோடியாக வந்தவர் நாச்சிமுத்து. கஞ்சிக்கோட்டில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் விவசாயி. அறுபதை நெருங்கியவர். தோப்புக்கு மூன்று பக்கமும் தொழிற்சாலைகள் வந்துவிட்டனவாம். முதல் நாள் பேசும்போதே எப்படிப் படிக்க வந்தார் என்று கேட்டேன்.

"மருமவ சேந்தாளுங்க. அப்பறங் கொழந்த பொறந்துருச்சு, அவளுக்கு நேரமில்ல. புஸ்தகம் ஊட்டுல சும்மா கெடந்துது. எடுத்துப் படிச்சேன். அவ நின்னுட்டா, நாஞ் சேந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு அண்ணாச்சி."

"அம்மிணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கப்படாது. எங்கூர்ல அண்ணாச்சின்னா மளிகைக்கடைக்காரருங்க."

எங்கள் பக்கத்தில் அதுதான் மரியாதை என்று விளக்கினேன். சரி, கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றார். அவர் பங்குக்கு என்னை அம்மிணி என்றார். அந்தப் பெயரில் எங்கள் லயனில் ஒரு பசுமாடு உண்டு என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள்

முதல் நாள் நடந்ததைத்தான் மேலே எழுதினேன். இரண்டாம் நாளும் அதேதான். நான் குடையோடு நின்றேன். அவர் வெயிலில் நின்று அளந்து, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் எண்ணைச் சொன்னார். நான் "மஞ்சு" என்றேன்.

"பரவால்லீங்க, நாளைக்கு வெயிலு வருமுங்க" என்றார், வெயிலுக்கு அவர்தான் பொறுப்பு என்பதுபோல.

மூன்றாம் நாள் மாவட்டத்துக்கே ஆரஞ்சு அலர்ட். மழை கிரெச் தகரத்தில் ஆணியைக் கொட்டுவதுபோல் விழுந்துகொண்டிருந்தது. இன்னும் மூன்றே நாள், மூன்றும் வேண்டும். அடுத்த வாரம் சமர்ப்பிக்காவிட்டால் பருவம் போகும், பருவம் போனால் சர்ட்டிபிகேட் போகும், வெல்ஃபேர் ஆபீசர் இழுத்துப் பிடித்திருப்பது நழுவும்.

பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

புத்தகம் சொல்லும் விடை நாற்பதாயிரம் கிலோமீட்டர். எங்கள் இரண்டு ஊருக்கும் தென்வடலாக எண்பத்து மூன்று கிலோமீட்டர். விடையிலிருந்து பின்னோக்கி வந்தால் எவ்வளவு நிழல் வித்தியாசம் வரவேண்டும்? பள்ளிக்கூடத்தில் எனக்கு ஏறாத கோணக் கணக்கு, அன்று ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டது. இரண்டு முறை தப்பாகி, மூன்றாவது முறை வந்தது. ஒன்று புள்ளி மூன்று சென்டிமீட்டர். அவர் நிழலைவிட என் நிழல் அவ்வளவு நீளமாக இருந்தால் போதும். நேர்மையாக இருந்திருந்தால் அந்தக் கணக்கை நான் கடைசிவரை விளங்கிக்கொண்டிருக்க மாட்டேன்.

பன்னிரண்டரைக்குக் கைப்பேசி அடித்தது.

"எனக்கு அஞ்சு புள்ளி ஏழுங்க. அங்க எப்படீங்க?"

தகரத்தின் மேல் விழும் மழை அவருக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஏழு, அண்ணாச்சி."

"வெயிலு வந்துருச்சுங்களா?"

"அஞ்சு நிமிஷம் வந்துச்சு."

"அட, நல்லதுங்க. நாந்தாஞ் சொன்னனே."

அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அப்போது சுடவில்லை. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் அதேபோல் கூட்டிச் சொன்னேன். அசல்போல் இருக்கட்டும் என்று ஒரு நாள் ஒரு மில்லிமீட்டர் கூட்டினேன், இன்னொரு நாள் ஒரு மில்லிமீட்டர் குறைத்தேன். எதையும் திருத்தமாகச் செய்வது என் பழக்கம்.

நாற்பதாயிரத்து நூறு

எங்கள் விடை நாற்பதாயிரத்து நூறு கிலோமீட்டர். வகுப்பில் வேறு யாருக்கும் இதன் பக்கத்தில்கூட வரவில்லை. ஒரு சோடிக்கு ஐம்பத்தாறாயிரம் வந்தது. இன்னொரு சோடிக்கு வந்த பூமி நிலாவைவிடக் கொஞ்சம்தான் பெரியது.

சனிக்கிழமை வகுப்பில் டீச்சர் எங்கள் தாளைத் திரையில் காட்டினார். "தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஒருவர் இதைச் செய்திருக்கிறார்" என்றார். துறைத் தலைவருக்கும் அனுப்பியிருப்பதாகச் சொன்னார். எல்லாரும் கைதட்டும் பொம்மைப் படம் போட்டார்கள். நாச்சிமுத்து மட்டும் குழுவில் ஒரு வரி எழுதினார்: "மழையிலும் விடாமல் அளந்த சகோதரிக்கே இந்தப் பெருமை."

அந்தோணி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அந்த வாரம் ஒரு துணிகூடக் காயவில்லை என்பது வீட்டில் துணி உலர்த்துகிறவருக்குத் தெரியாதா? எழுந்துபோய் டீ போட்டார்.

கிரெச்சுக்கு வந்த வெல்ஃபேர் ஆபீசர், "பூமியவே அளந்துட்டியாமே. இனி பதினஞ்சு பிள்ளைங்கள அளக்கதுக்கு என்ன?" என்றார். நான் சிரித்தேன். திருட்டுச் சிரிப்பும் மற்றச் சிரிப்புப்போலத்தான் இருக்கும்போல. அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

களத்தின் வாட்டம்

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். நாச்சிமுத்து நாச்சிமுத்தாக இல்லாதிருந்தால்.

ஆவணியில் ஒரு நாள் கஞ்சிக்கோட்டில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அன்று உச்சிவேளையில் கம்புக்கு நிழலே இருக்காது. மதிப்பெண் எதுவும் கிடையாது, விருப்பமிருந்தால் பாருங்கள் என்று டீச்சர் தேதியைச் சொல்லியிருந்தார். எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி நாள் கம்புக்கு நிழல் இருக்காது என்பதால் எனக்கு அதில் ஆர்வமில்லை. அவர் போய்ப் பார்த்திருக்கிறார். தேங்காய் காயவைக்கும் களத்தில், வழக்கமான இடத்தில் கம்பை வைத்து, மருமகளையும் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்.

நிழல் இருந்தது. ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். ஏனுங்க என்று ஆரம்பிக்கவில்லை.

"அம்மிணி, ஒரு தப்பு நடந்து போச்சுங்க."

"என்ன அண்ணாச்சி?"

"எங்க களம் சமமில்லீங்க. மழத்தண்ணி நிக்கப்படாதுன்னு தெக்க வாட்டமாச் சாச்சுப் போட்டது. நானே நின்னு போட்டதுதானுங்க. அதும் மேலயே குண்டு கட்டிப் பாக்காமக் கம்ப வெச்சுட்டேன். கம்பு தெக்க சாஞ்சுருக்குது. கொத்தனாரக் கூட்டியாந்து ரசமட்டம் வெச்சுப் பாத்தாச்சு. நாஞ் சொன்ன அளவு அத்தனையும் ஒண்ணே முக்காலு கூடுதலுங்க."

மனசு கணக்குப் போட்டது. அவர் அளவிலிருந்து ஒன்றே முக்காலைக் கழித்தால் எங்கள் வித்தியாசம் மூன்று சென்டிமீட்டர் ஆகும். பூமி பதினேழாயிரம் சொச்சம் கிலோமீட்டராகச் சுருங்கும். பாதிக்கும் குறைவு.

"டீச்சருக்கு எழுதிட்டேனுங்க. தப்பு என்னுது, அந்தப் புள்ளைது சுத்தமான அளவு, அவங்களுக்கு மார்க்கக் கொறைக்கப்படாதுன்னு எழுதிருக்கேன். என் பேர எடுத்துரச் சொல்லிட்டேன். என்னால உங்க வேலைக்கு ஒண்ணும் வரப்படாதுங்க."

அன்று மாலையே டீச்சரின் செய்தி வந்தது. நாச்சிமுத்து சாருக்கு இந்தப் பருவம் புராஜெக்ட் தேறாது. அடுத்த முறை செய்யட்டும். ஜெயராணி, காசர்கோட்டில் அதே நாட்களில் அளந்த மாணவர் ஒருவர் இருக்கிறார். உங்கள் அளவை அவருடையதோடு சேர்த்துப் புதிதாகக் கணக்குப் போட்டு அனுப்புங்கள், போதும்.

எனக்கு வழி திறந்துவிட்டார்கள். காசர்கோட்டோடு சேர்த்தால் என் பொய்யளவு தப்பான விடையைத்தான் தரும். ஆனால் எல்லாருடைய விடையும்தான் தப்பு. தேறிவிடுவேன். சர்ட்டிபிகேட் வரும். கஞ்சிக்கோட்டில், தன் களத்தைத் தானே காட்டிக்கொடுத்த மனுஷர் மட்டும் தோற்றுப்போவார்.

"சொல்லாட்டி என்ன? பூமி கொறஞ்சா போயிரும்?" என்றார் அந்தோணி. என்னைச் சோதிக்கச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று இன்றுவரை கேட்கவில்லை.

நான்கு நாள் காசர்கோட்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் மத்தியானம், பிள்ளைகள் தூங்கும் நேரம், அதே ஸ்டோர் ரூமுக்குள் போனேன். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

"அண்ணாச்சி, நான் அளக்கவேயில்ல."

"எதையுங்க?"

"நிழல. ஒரு நாளுகூட வெயில் வரல. நீங்க சொன்ன நம்பரோட ஒண்ணு புள்ளி மூணக் கூட்டிச் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஒரு லாரி ஹாரன் அடித்தது. பிறகு மெதுவாக, "அப்ப எம்பட தப்பும் சேந்துதான் உங்க அளவுல இருக்குதுங்க" என்றார். கணக்கைத்தான் முதலில் சரி பார்த்தார். அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது.

"அம்மிணி, உங்க படிப்பக் கெடுத்துட்டனேன்னு நாலு நாளா எனக்குச் சோறு எறங்குலீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் தகவல் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டீச்சரிடமும் சொன்னேன். "அந்த வாரம் இடுக்கி முழுக்க அலர்ட் இருந்தது. எனக்கே தெரியும். ஆனால் நானும் விடையை மட்டும்தான் பார்த்தேன்" என்றார். துறைத் தலைவருக்கு அவர் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அவர் எழுதியது ஒரு வார்த்தை: தேறவில்லை.

நாச்சிமுத்துவுக்குக் காசர்கோட்டு எண்களைத் தருவதாகவும், திருத்திய அளவோடு சேர்த்துத் தேறிக்கொள்ளலாம் என்றும் டீச்சர் சொன்னாராம். வேண்டாம், சோடியோடு எழுதியதைச் சோடியோடுதான் முடிப்பேன் என்று அவர் பதில் அனுப்பியிருக்கிறார். இதை டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர் என்னிடம் பேசவில்லை. ஓணம் வந்து போனது. கிறிஸ்துமஸும் போனது.

சூப்பர்வைசராகக் கோட்டயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்து நான்கு வயது, மனையியல் பட்டம். நல்ல பெண். முதல் நாளே என்னிடம், இங்கே யார் பொறுப்பு என்று கேட்டாள். நீங்கள்தான் என்றேன். பயத்தில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நம்பிக்கை இல்லீங்க

மாசி மாதம் ஒரு மத்தியானம் கைப்பேசி அடித்தது.

"ஏனுங்க, விஷு வருதுங்க. சூரியன் தெக்க இருந்து வடக்க ஏறி வருது. அதுக்கு முந்துன வாரத்துல அளந்துறலாமுங்க."

ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"இந்த வாட்டி வீடியோ போட்டு அளக்கோணும். நானும் காட்டறேன், நீங்களுங் காட்டோணும். நம்பிக்கையில்லையான்னு கேக்காதீங்க. இல்லீங்க."

"சரி அண்ணாச்சி."

"அப்பறம், களத்த ஒட்டிச் சமமா ஒரு திட்டுக் கட்டிட்டேனுங்க. அதையும் ரசமட்டம் வெச்சுக் காட்டறேன். நீங்களும் என்ன நம்ப வேண்டியதில்ல."

விஷுவுக்கு முந்தைய வாரம் எங்கள் மலை கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. காலையில் வெயில், மூன்று மணிக்கு மேல்தான் மழை. பன்னிரண்டு இருபதுக்குக் கம்பின் அடியில், வடக்குப் பக்கமாக, விரல் நீளத்துக்கு ஒரு கருப்பு விழுந்து கிடந்தது. குனிந்து அதைப் பார்த்தேன். இத்தனை சின்ன ஒன்றுக்காகவா என்று இருந்தது.

அளப்பது பொய் சொல்வதைவிடக் கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. நான் சொன்ன பொய்யளவுக்கு ஒரு முனை இருந்தது. அசல் நிழலுக்கு இல்லை. கருப்பு மெல்ல சாம்பலாகி, சாம்பல் மெல்ல வெயிலாகிவிடுகிறது. டேப்பை எங்கே நிறுத்துவது?

"அங்கில்லீங்க, கொஞ்சம் உள்ள வாங்க" என்றார் திரையிலிருந்து.

"அது மங்கல் அண்ணாச்சி, நிழல்தான்."

"மங்கலெல்லாம் நெழலுக்குச் சேராதுங்க."

"உங்க கம்புக்கு மட்டும் சேத்தீங்களே."

"எங்க சேத்தேன்? திருப்பிக் காட்டட்டுங்களா?"

ஐந்து நாளும் இப்படித்தான். கொழுந்து எடுத்துவிட்டு வந்த பெண்கள் கூடையோடு நின்று பார்த்தார்கள். போனில் ஒரு மனுஷரோடு தரையைப் பார்த்துச் சண்டை போடுகிறாளே, ஜோசியம் பலிக்கவில்லைபோல என்று செல்லக்கனி சொன்னதாகக் கேள்வி.

சராசரி வித்தியாசம் ஒன்று புள்ளி ஏழு வந்தது. எங்கள் பூமி முப்பதாயிரத்து எழுநூறு கிலோமீட்டர். கால் பங்கு குறைவு. எந்த இடத்தில் நான்கு மில்லிமீட்டரைக் கழித்தால் நாற்பதாயிரம் வரும் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த வகுப்பில் யாரும் இல்லை. அதை அவரிடம் சொன்னேன், அதுவும் ஒரு ஒப்புதலாக இருக்கட்டும் என்று.

"வந்ததயே எழுதுங்க" என்றார்.

ஆலுவாவில் ஒரு முற்பகல்

வாய்மொழித் தேர்வு ஆலுவாவில், ஒரு கல்லூரி வகுப்பறையில். அங்கேதான் முதன்முதலாக அவரை நேரில் பார்த்தேன். திரையில் கம்பையும் கையையும்தான் அதிகம் காட்டியிருந்தார். ஓங்குதாங்கான ஆள் என்று நினைத்திருந்தேன். என் தோள் உயரம்தான் இருந்தார். வேட்டியின் மடிப்புக் கலையவில்லை. "வந்து நேரமாச்சுங்களா?" என்று கேட்டார். "இப்பத்தான் அண்ணாச்சி" என்றேன். எண்பத்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போது நன்றாகப் பேசுகிற இரண்டு பேர், ஒரு பெஞ்சில் ஊமையாக உட்கார்ந்திருந்தோம்.

உள்ளே ரெம்யா டீச்சரும், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவரும் இருந்தார்கள். தேர்வாளர் வயதானவர். எங்கள் தாளைப் புரட்டி, கடைசிப் பக்கத்துக்கு வந்து நின்றார்.

"முப்பதாயிரத்து எழுநூறு. பூமியில் கால் பங்கைக் காணோமே."

"எங்க கைத்தப்புங்க" என்றார் நாச்சிமுத்து.

"சரியான விடை எந்தப் புத்தகத்திலும் இருக்கிறதே. எழுதுவதற்கு முன்னால் அதைப் பார்க்கவில்லையா?"

டீச்சர் மேசையைப் பார்த்தார். பதில் சொல்ல வேண்டியது நான்.

"பார்த்திருக்கிறேன் சார். போன முறை அதைத்தான் எழுதினேன்."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். டீச்சர் மெல்லத் தலையை ஆட்டினார். தேர்வாளர் ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறார் என்று நான் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, இதைச் சொல்லுங்கள். நிழலின் ஓரம் ஏன் மங்கலாக இருக்கிறது?"

சூரியன் புள்ளியில்லை, தட்டு, அதனால்தான் என்று நானும், அந்த மங்கலைச் சேர்க்கவே கூடாதுங்க என்று நாச்சிமுத்துவும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினோம். எங்களை நிறுத்த டீச்சர் இரண்டு முறை மேசையைத் தட்ட வேண்டியிருந்தது.